வெப்பக் காற்றும் விமான ஓடுதளமும்: டர்போசார்ஜரை எங்கே வைப்பது என்ற கேள்வியின் வரலாறு

மன்னார்க்காட்டிலிருந்து முக்காலி வழியாக அகளிக்கு ஏறும் மலைச்சாலையிலும், கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி வழியாக அதே ஊருக்கு வரும் சாலையிலும் பல பத்தாண்டுகள் ஆள்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்றவை டீசல் ஜீப்புகள். தமிழும் மலையாளமும் இருளமும் கலந்து ஒலிக்கும் அட்டப்பாடியில், ஊர் என்பது ஜீப் போய்ச் சேரும் இடம் என்றே ஒரு காலத்தில் பொருள்பட்டது. வளைவில் ஏறும்போது கரும்புகை கக்குவதும், பகல் ஏற்றத்தில் திணறும் வண்டி இரவுக் குளிரில் இலகுவாக இழுப்பதும் ஓட்டுநர்கள் அனுபவத்தால் அறிந்த செய்திகள். அதன் காரணம் எளியது. எஞ்சின் எரிப்பது டீசலை மட்டுமன்று. காற்றையும் சேர்த்தே எரிக்கிறது. உயரம் கூடினாலும் வெப்பம் கூடினாலும் காற்றின் அடர்த்தி குறைகிறது. எண்ணெய் அதே அளவில் பாய, காற்று போதாமல் போகும்போது எரியாத கரி புகையாகிறது.

மலைச்சாலை ஜீப்புக்கும், கால் மைல் நேர்கோட்டில் பாயும் டிராக் பந்தயக் காருக்கும் பொதுவாக இருப்பது இந்தக் காற்றுக் கணக்கே. டிராக் பந்தயத்தின் மரபான தூரம் 1,320 அடி, அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். திருப்பங்கள் இல்லை, நின்ற நிலையிலிருந்து முழு வேகத்திற்குச் செல்வதே பந்தயம். அதில் ஓடும் காரின் டர்போசார்ஜர் எங்கே பொருத்தப்பட வேண்டும், அது எங்கிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும் என்பன பட்டறைச் சிக்கல்களாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வினாக்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை தென்னிந்தியாவின் போர்க்கால ஓடுதளங்களையும் கோவைப் பட்டறைகளையும் தொட்டுச் செல்கிறது. அழுத்தத்தைக் கூட்டும் கலை விரைவில் கைகூடியது. வெப்பத்தை விலக்கும் கலையே நெடுங்காலம் பிடித்தது என்பதுதான் அவ்வரலாறு காட்டும் உண்மை.

டர்போசார்ஜரின் அடிப்படைக் கருத்தை 1905இல் காப்புரிமையாகப் பதிந்தவர் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. புகைக்குழாய் வழியே வீணாகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் புதிய காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே அக்கருத்து. முதல் வணிக வெற்றி 1920களின் நடுவில் ஜெர்மானியப் பயணியர் கப்பல்களான ‘பிராய்சன்’, ‘ஹன்சஸ்டாட் டான்சிக்’ ஆகியவற்றில் கிட்டியது. அவற்றின் டீசல் எஞ்சின்களின் திறன் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது. கப்பலில் இடத்திற்குப் பஞ்சமில்லை. குளிர்விக்கக் கடலே இருந்தது. ஆகவே டர்போவை எங்கே வைப்பது என்ற வினா அங்கு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது விமானம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ் 1918இல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையில், 14,109 அடி உயரத்திற்குக் கொண்டுசென்று சோதித்தார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் உச்சியில் 230 ஆகச் சுருங்கியது; டர்போ பொருத்தியபின் அங்கேயே 356 தந்தது. மலையேறும் ஜீப்பின் மூச்சுத்திணறலுக்கு முதல் விடை மலையுச்சியிலேயே கிடைத்தது எனலாம். ஆனால் மாஸின் சோதனை நடந்தது குளிர்ந்த மெல்லிய காற்றில் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்த எவரும் இதை அறிவர். இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் இச்சிக்கலை இருவேறு வழிகளில் எதிர்கொண்டன. லாக்ஹீட் பி-38 விமானத்தின் தொடக்க வகைகளில், அழுத்தப்பட்ட காற்று இறக்கையின் முன்விளிம்பில் இருந்த உள்ளீடற்ற பகுதி வழியே சென்று குளிர்ந்தது. எஞ்சினின் திறன் கூட்டப்பட்டபோது அந்தக் குளிர்விப்புப் போதவில்லை. பி-38ஜே வகையில் தனியான குளிர்விப்பான், அதாவது இன்டர்கூலர், எஞ்சினுக்குக் கீழே முகவாய்ப் பகுதிக்கு மாற்றப்பட்டது. ரிபப்ளிக் நிறுவனத்தின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தை வடிவமைத்த அலெக்சாண்டர் கார்ட்வெலி வேறு வழியில் சென்றார். டர்போவை எஞ்சினுக்கு அருகில் வைக்காமல், விமானியின் இருக்கைக்கும் பின்னால், வால்புற உடலுக்குள் வைத்தார். புகைவாயு நீண்ட குழாய்களில் பின்னோக்கிச் சென்றது. அழுத்தப்பட்ட காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து மீண்டும் முன்னோக்கி வந்தது. குழாய்களின் நீளமும் எடையும் அவர் கொடுத்த விலை. எடைச் சமநிலையும், இன்டர்கூலருக்கும் குழாய்களுக்கும் போதிய இடமும் அவர் பெற்ற பயன்.

இவ்விமானங்கள் தென்னிந்தியாவுக்கு அந்நியமானவை அல்ல. பிரிட்டிஷ் வான்படை 1944இல் பெங்களூருக்கு அருகிலுள்ள யெலஹங்காவில் தன் விமானிகளைத் தண்டர்போல்ட்டுக்குப் பழக்கி, பர்மா முனைக்கு அனுப்பியது. போருக்குப்பின் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இந்துஸ்தான் விமான நிறுவனம் செப்பனிட்டு இந்திய வான்படைக்குத் தந்தது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு டர்போ கொண்ட அவை 1968 வரை பறந்தன. 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்-2 டீசல் ரயில் எஞ்சினும் டர்போ பொருத்தியதே. அழுத்தப்பட்ட காற்றை நீரால் குளிர்விக்கும் அமைப்பும் அதன் 2,600 குதிரைத்திறனுக்குப் பின்னால் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கும் கொச்சிக்கும் இடையில் ரயில்களை இழுத்தவற்றுள் இவையும் அடங்கும். அகளி மக்களின் சாலைக்கு டர்போ வருவதற்கு நெடுநாள் முன்பே, மலைக்குத் தெற்கே உள்ள தண்டவாளத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

போர் விட்டுச்சென்ற மற்றொன்று ஓடுதளம். அமெரிக்காவில் டிராக் பந்தயம் முறைப்பட்டதே இத்தகைய இடங்களில்தான். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான நிலையத்தில் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட பந்தயங்கள் தொடங்கின. 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில், போர்க்காலத்தில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்காக அமைந்த ஓடுதளத்தில் நடந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1953இல் நிறுவப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே கல்கத்தா சாலையை ஒட்டியிருந்த சோழவரம் போர்க்கால ஓடுதளத்தைப் பந்தயக்களமாக்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்படும்வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் தலைமையிடம் சோழவரமே. மகாராட்டிரத்தின் ஆம்பி வேலியில் பிற்காலத்தில் நடந்த நேர்கோட்டு வேக ஓட்டங்களும் விமான ஓடுதளத்தையே நம்பின. வானத்திற்காக அமைந்த நிலம் சாலை வண்டிக்குக் கிடைத்தது. வானத்திற்காக உருவான கருவியும் அவ்வாறே கிடைத்தது.

இடம் மாறியபோது சிக்கலின் இயல்பும் மாறியது. உயரத்தில் காற்று மெல்லியது, ஆனால் குளிர்ந்தது. தென்னிந்திய ஓடுதளத்தில் காற்று அடர்ந்தது, ஆனால் வெம்மையும் ஈரமும் நிறைந்தது. கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் உலர்காற்றின் எடை 1.225 கிலோகிராம், 40 பாகையில் அது 1.13 கிலோகிராமுக்குக் குறைகிறது. எஞ்சின் இயங்கத் தொடங்கும் முன்னரே எட்டு விழுக்காடு இழப்பு. சென்னையின் கடற்காற்று ஈரத்தில், நீராவி மேலும் சில விழுக்காடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

டர்போ பொருத்தியபின் நிகழ்வதை ஓர் எளிய கணக்கு தெளிவாக்கும். வெளிக்காற்று 40 பாகை. அழுத்தியின் செயல்திறன் 70 விழுக்காடு. அழுத்தம் இருமடங்காக்கப்படுகிறது எனக் கொள்வோம். வெளியே வரும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 138 பாகை. அழுத்தம் இருமடங்கானாலும், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் நிறை ஒன்றரை மடங்கே கூடுகிறது. எழுபது விழுக்காடு திறனுள்ள இன்டர்கூலர் ஒன்றை இடையில் வைத்தால், வெப்பநிலை 70 பாகைக்கு அருகில் இறங்குகிறது, நிறை 1.8 மடங்குக்கு மேல் ஏறுகிறது. இப்போது காற்று வடிகட்டியை வெளியில் வைக்காமல், எஞ்சின் மூடிக்குள் 70 பாகை வெப்பத்தில் வைத்ததாகக் கொள்வோம். இன்டர்கூலர் இல்லையெனில் அழுத்தியை விட்டு வெளியேறும் காற்று 177 பாகையைத் தொடும், நிறை 1.4 மடங்கைத் தாண்டாது. மூன்று நிலைகளிலும் ஓட்டுநரின் முன்னுள்ள அழுத்தமானி காட்டுவது ஒரே எண்ணைத்தான்.

அழுத்தமானியை மட்டும் நம்புவதன் இடர் இதிலிருந்து விளங்கும். அம்மானி வெப்பத்தை அறியாது. சூடான காற்று சக்தியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தன் நேரத்திற்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தாக்கவும் காரணமாகிறது. இந்தியச் சந்தையின் சாதாரண பெட்ரோல் அண்மைக்காலம் வரை 91 ஆக்டேன் அளவினதாக இருந்தது. உயர் அழுத்தத்திற்கு அதில் தாராளம் இருக்கவில்லை. இவ்விடரை உலகம் 1962இலேயே கண்டது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று. அதில் இன்டர்கூலர் இல்லை. மாறாக, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் உள்ளே தெளிக்கப்பட்டது. உரிமையாளர்கள் பலர் அத்திரவத்தை நிரப்ப மறந்தனர். திரவம் தீர்ந்ததும் பாதுகாப்பு அமைப்பு அழுத்தத்தைக் குறைத்துவிட, கார் தன் வலுவை இழந்தது. வெப்பத்தை விலக்கும் பணியைப் பயன்படுத்துபவரின் நினைவாற்றலிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அக்காரின் குறுகிய ஆயுள் கற்பித்த பாடம்.

தமிழகத்தில் இப்பாடங்கள் வந்து சேர்ந்த இடங்களுள் முதன்மையானது அகளிக்குக் கிழக்கே உள்ள கோயம்புத்தூர். அந்நகரின் தொழில் அடித்தளம் நூற்பாலைகள், வார்ப்படச் சாலைகள், நீரேற்றும் பம்புகள் ஆகியவை. நீரை மையத்திலிருந்து விளிம்புக்கு வீசி அழுத்தம் தரும் பம்புச் சக்கரமும், காற்றை அவ்வாறே வீசும் டர்போவின் அழுத்திச் சக்கரமும் ஒரே கொள்கையின் இரு வடிவங்கள். பம்புக்கு நீர் வரும் குழாயில் அடைப்போ கூர்வளைவோ இருந்தால் திறன் குறையும் என்பதைக் கிணற்றடியிலேயே கற்ற கைவினைஞர்களுக்கு, டர்போவின் உறிஞ்சு குழாய் அகன்றும் நேராகவும் இருக்க வேண்டும் என்பது புதுச்செய்தி அன்று.

இம்மண்ணிலிருந்து வந்தவர் எஸ். கரிவரதன். பந்தய ஓட்டுநரும் வடிவமைப்பாளருமான அவர், 1980களின் இறுதியில் எளிதில் கிடைத்த மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். அதன்மூலம் செல்வந்தர்களின் இறக்குமதிக் கார்களால் ஆளப்பட்ட விளையாட்டு இளைஞர்களுக்கும் திறந்தது. நரேன் கார்த்திகேயன் முதலியோர் அவ்வழி வந்தவர்கள். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய கார்களில் டர்போ இல்லை. கையில் உள்ள சிறிய எஞ்சினிடமிருந்து அதன் முழுத்திறனையும் பெறுவது என்ற அணுகுமுறையே அவர் விட்டுச்சென்ற மரபு. இதற்கிடையில் டர்போ இறக்குமதிப் பொருளாகவும் நீடிக்கவில்லை. 1982இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் அதைத் தமிழகத்திலேயே உற்பத்தி செய்தது. பேருந்து, லாரி, ஜீப் எனப் படிப்படியாக டர்போ பரவியபோது, அதைப் பழுதுபார்க்கும் கைகளும் பெருகின.

இரண்டாயிரத்திற்குப் பிறகு கால் மைல் ஓட்டத்திற்காகக் கார்களை மாற்றியமைத்தோர் முன்னிருந்த தேர்வுகளை இரண்டு கார்கள் நன்கு விளக்குகின்றன. 1998இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியின் எஞ்சினில் புகைவாய் முன்புறம், ரேடியேட்டரை நோக்கி அமைந்திருந்தது. டர்போவைப் பொருத்துபவர் அதை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வைக்கிறார். வாய் முன்னோக்கி இருப்பதால் வெளிக்காற்றை நேராகப் பெறலாம். புகைவாய்க்கு மிக அருகில் இருப்பதால் சக்கரம் விரைந்து சுழலும். ஆனால் டர்போவின் சூடு ரேடியேட்டரைத் தாக்கும். ரேடியேட்டரைச் சிறிதாக்கவோ ஒதுக்கவோ நேரும். 2004இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., டர்போவுடனேயே விற்கப்பட்டது. அதன் புகைவாய் பின்புறம், ஓட்டுநர் அறைச் சுவரை நோக்கியது. டர்போ அங்கே, காற்றோட்டம் குறைந்த இடத்தில் இருந்தது. சிறிய இன்டர்கூலர் சக்கர மறைப்புக்கு முன் ஒரு மூலையில் இருந்தது. ஐரோப்பியச் சாலைக்கு அது போதுமானது. வெயிலில் அடுத்தடுத்து ஓடும் காருக்கு அம்மூலை போதாது. எனவே மாற்றியமைப்போர் பெரிய இன்டர்கூலரை முன்முகத்திற்குக் கொண்டுவந்தனர். பி-38இன் இறக்கையிலிருந்து முகவாய்க்கு நடந்த இடமாற்றத்தை இது நினைவூட்டுகிறது. இரு கார்களிலும் டர்போவின் இடத்தை முதலில் தீர்மானித்தது எஞ்சினின் புகைவாய் நோக்கிய திசை. மாற்றியமைப்பவரின் விருப்பம் அதற்கு அடுத்ததே.

மூன்றாம் வழி கார்ட்வெலியின் வழி: டர்போவைக் காரின் பின்புறம், சைலன்சர் இருக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்வது. எஞ்சின் அறை குளிர்ந்திருக்கும். நீண்ட குழாயே ஓரளவு இன்டர்கூலராகும். ஆயினும் புகைவாயு வழியில் குளிர்ந்து சுருங்குவதால் சக்கரம் மெதுவாகவே விழிக்கும். தாழ்ந்த இடத்தில் சேரும் எண்ணெயைத் திரும்ப ஏற்றத் தனிப் பம்பு வேண்டும். நின்ற நிலையிலிருந்து பாயவேண்டிய காருக்கு முதல் நொடியின் தாமதமே பெரிய இழப்பு. ஆகவே டிராக் கார்களில் முன்புற அமைப்பே மேலோங்கியது. ஓட்டம் பத்துப் பதினைந்து நொடிகளில் முடிவதால் மற்றொரு வசதியும் கிட்டியது: பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியின் வழியே காற்றைக் குளிர்வித்தல். ஓட்டம் முடியும்வரை பனி தாங்கினால் போதும். மலையேறும் ஜீப்புக்கு அது உதவாது.

உறிஞ்சு குழாயிலும் இத்தகைய கவனம் தேவை. கடைகளில் ‘குளிர்காற்று’ என்ற பெயரில் விற்கப்படும் கூம்பு வடிவ வடிகட்டிகள் பல, எஞ்சின் மூடிக்குள்ளேயே திறந்தபடி பொருத்தப்படுகின்றன. உறிஞ்சும் ஓசை பெரிதாகிறது. அவ்வோசை சக்தியாகத் தவறாக உணரப்படுகிறது. வடிகட்டியைத் தடுப்புச் சுவரால் பிரித்து, முன்முகத்தின் தாழ்ந்த பகுதியிலிருந்து குழாய் வழியே காற்றைக் கொணர்ந்தால்தான் அப்பெயர் பொருந்தும். மழைக்காலத்தில் அதே தாழ்ந்த வாய் நீரையும் உறிஞ்சக்கூடும் என்பதால், பந்தயக்களத்தில் சரியானது சாலையில் தவறாகலாம். கார்த் தொழிற்சாலைகள் காற்றுவாயை உயரே வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வறிவின் பெரும்பகுதி எழுதப்படவில்லை என்பதே வரலாற்றாசிரியரின் கவலைக்குரியது. பூக்கியின் கருத்துக்குக் காப்புரிமை ஆவணம் உண்டு. மாஸின் மலைச் சோதனைக்கு எண்கள் உண்டு. சோழவரத்திலும் கோவையிலும் எந்தக் குழாய் எந்த வெயிலில் எப்படி நடந்துகொண்டது என்பது மெக்கானிக்குகளின் கைகளிலும் நினைவிலும் மட்டுமே தங்கியது. பந்தய முடிவுகளின் பட்டியல் வென்றவரின் பெயரைச் சொல்லும். பற்றவைத்தவரின் பெயரைச் சொல்லாது. எழுதப்படாத அறிவு ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் விலை கொடுத்துக் கற்கப்படுகிறது. அவ்விலை உருகிய பிஸ்டன்களாக மட்டும் இருப்பதில்லை. முறையான களம் அருகில் இல்லாத இளைஞர்கள் மாற்றியமைத்த வண்டியைப் பொதுச்சாலையில் சோதிக்கின்றனர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. ஆனால் சட்டப்பிரிவு ஓடுதளத்திற்கு மாற்றாகாது. போர்க்கால ஓடுதளம் ஒன்று முப்பதாண்டுக்கும் மேலாகச் சென்னைக்குச் செய்த பணி, வேகத்தைச் சாலையிலிருந்து விலக்கி வைத்ததும் ஆகும் என்பதைச் சோழவரத்தின் வரலாறு எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

அகளியின் மலைச்சாலையில் இன்று ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவை டர்போ பொருத்தியவை. சில வண்டிகளில் இன்டர்கூலர் எஞ்சினின் மேலேயே அமர்ந்து, மூடியின் காற்றுவாய் வழியே குளிர்கிறது. வேகம் குறைந்த ஏற்றத்தில், காற்று போதாதபோது, அது எஞ்சினின் சூட்டையே வாங்கிக்கொள்கிறது. முன்முகத்தில் இன்டர்கூலர் கொண்ட வண்டி அதே வளைவில் சற்று எளிதாக ஏறுகிறது. கோட்டத்தறை பழங்குடியினர் மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்காக மன்னார்க்காட்டுக்கோ கோவைக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லும் ஊர்திக்கு அந்த வேறுபாடு சில நிமிடங்கள். பந்தயக்களத்தில் நொடியின் பகுதிகளுக்காகத் தேடப்பட்ட விடை இந்த மலைச்சாலையில் அந்நிமிடங்களாகப் பயன்படுகிறது.